டைம்கீப்பர் வீட்டுக் கோழி

பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு வீட்டில் விசில் ஊதி விரட்ட ஆள் கிடைக்கவில்லை. மனைவி முதல் வாரத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். மிஞ்சியது கொல்லைப்புறத்துக் கோழி ஒன்றுதான்.

கோழி பாவம், தன்பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டிருந்தது. இவர் நோட்டுப் போட்டார். திங்கள் 8.10. செவ்வாய் 9.15. புதன் 10.25. வியாழன் மதியம் 12. வெள்ளி வரவே இல்லை. ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்கு மேலேயே ஆகும். நேரம் தள்ளித் தள்ளிப் போய் ஒரு நாள் லீவும் விழும். கோழி வளர்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, இந்த மனிதருக்குத் தெரியவில்லை.

"எந்த டிரைவரையும் நான் இப்படி விட்டதில்ல" என்று கோழியின் முகத்துக்கு நேரே சொன்னார். இருட்டு மூலையில் இருந்த வைக்கோல் கூடையைத் தூக்கி, தன் நாற்காலிக்கு எதிரே வெளிச்சத்தில் வைத்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தார். கோழி கூடையைப் பார்த்தது, இவரைப் பார்த்தது, நடையைக் கட்டியது.

அதன் பிறகு இரண்டு வாரமாக ஒரு முட்டைகூட இல்லை.

மனைவியின் தம்பிக்கு இதைக் கேட்டதும் வாயெல்லாம் பல். "முட்டை போடாத கோழிக்கு எதுக்கு மச்சான் தீனி? ஞாயித்துக்கிழமை வரேன். சட்டிய மட்டும் கழுவி வைங்க."

இவரும் சேர்ந்து சிரித்து வைத்தார். ஆனால் சோறு இறங்கவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் இவரைப் பார்த்து ஓடி வருகிற ஒரே ஜீவன் அது.

சனிக்கிழமை அதுவும் ஓடி வரவில்லை. கட்டிலடியில் தேடினார், கூரைமேல் தேடினார், கடைசியில் விசிலை எடுத்து ஊதினார். பக்கத்து வீட்டு நாய் வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "எந்திரிச்சு வாங்க" என்று குளியலறைக்குப் பின்னால் கூட்டிப் போனாள். பழைய சாக்குக் குவியலில், பத்து முட்டைமேல் சிறகை விரித்துப் படுத்திருந்தது கோழி. இவர் ஆசையாகக் கையை நீட்டினார். நறுக்கென்று ஒரு கொத்து.

"அடை உக்காந்திருக்கு. கைய எடுங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பத்து நாளாத் தெரியும். தம்பி வர்றதுக்குள்ள சொல்லியிருப்பேன். அப்பவே சொன்னா நாற்காலிய இங்க கொண்டாந்து போட்டிருப்பீங்க. முட்டை போடுறத அது நிறுத்தவே இல்லைங்க. உங்களுக்குத் தெரியாம போட்டுச்சு. நானும் இப்பல்லாம் அப்படித்தான் சமைக்கிறேன்."

இவருக்குச் சுருக்கென்றது. உடனே மச்சினனைப் போனில் கூப்பிட்டு, கோழி அடையில் இருக்கிறது, வருகிறவர் கட்டுச்சோறோடு வரவும் என்றார். பிறகு நாற்காலியைத் தூக்கிப்போய்த் தெரு வாசலில், வீட்டுக்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தார். ரொம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மனைவி டீயோடு வந்து படியில் உட்கார்ந்தாள். கேட்காமலேயே வாயைத் திறந்தாள்.

"உங்க கண்ணாடி டம்ளர் உடைஞ்சுபோச்சு. நான்தான் போட்டேன்."

எத்தனை மணிக்கு என்று கேட்க நாக்கு துடித்தது. ஒரு மடக்கு டீயோடு அதையும் விழுங்கினார்.