மாரில் எடுத்தது, தலையில் தெரிந்தது

ஸ்கேன் எடுப்பவளின் வேலை என்பது, எல்லாவற்றையும் எல்லாருக்கும் முன்னால் பார்த்துவிட்டு, ஒன்றுமே பார்க்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது. உங்களில் யாராவது லேபிலோ எக்ஸ்ரே அறையிலோ காலம் தள்ளியிருந்தால் அந்த முகம் உங்களுக்கும் வாய்த்திருக்கும். வீட்டில் குழம்பு எப்படி என்று கேட்டாலும் அதே முகம்தான் வரும். என் கணவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருந்தேன். சி.டி. மிஷின் வந்த புதுசு. கோபி, ஈரோடு, பொள்ளாச்சி என்று பல ஊர்களிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். அவர்களில் ருக்மணியம்மாவையும் அவர் வீட்டுக்காரர் சென்னியப்பனையும் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றவர்கள் மன்னிக்கவும்.

கண்ணாடி வாங்க வந்தவர்

ருக்மணியம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. கோபி பக்கம் வாழைத்தோட்டம். ஒரு மாதமாகக் காலையில் எழுந்தால் தலைவலி, கூடவே வாந்தி. பித்தம் என்று முடிவு செய்து தினமும் இஞ்சிச் சாறு குடித்திருக்கிறார். அப்புறம் எதிரே வருகிற ஆள் இரண்டாகத் தெரிய ஆரம்பித்ததும், கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று சென்னியப்பன் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார்.

அங்கே கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், உள்ளே நரம்பு வீங்கியிருக்கிறது, மண்டைக்குள் ஏதோ அழுத்துகிறது என்று சொல்லி நேராக எங்களிடம் அனுப்பிவிட்டார். சென்னியப்பன் வந்த கோபத்தில் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார். கோபத்திலும் மரியாதை குறையவில்லை.

"நாங்க கேட்டது கண்ணாடிங்க அம்மணி. மண்டைய ஆராச்சி பண்ணச் சொல்லி ஆருங்க கேட்டது?"

கர்ப்பப்பை ஆபரேசன்

ஸ்கேனுக்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஆஸ்துமா உண்டா, அலர்ஜி உண்டா என்று போகும். முன்பு ஏதாவது ஆபரேசன் நடந்ததா என்று கேட்டேன். மனைவி வாயைத் திறப்பதற்குள் கணவர் பதில் சொன்னார். "கர்ப்பப்பைங்க. ரெண்டு வருசமாச்சுங்க." அப்படியே எழுதிக்கொண்டேன்.

உள்ளே போய் ருக்மணியம்மாவை மேசையில் படுக்க வைக்கும்போது, அவர் ரவிக்கைக்குள்ளிருந்து மடித்த பழைய துணி ஒன்று நழுவி விழுந்தது. இடது பக்கம் தட்டையாகிவிட்டது. கர்ப்பப்பை இவ்வளவு மேலேயா இருக்கும் என்று நான் கேட்கவில்லை. துணியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, வழக்கமான முகத்தோடு நின்றேன். அவரே சொன்னார்.

"மார்ல கட்டிங்க. அந்தப் பக்கத்தையே எடுத்துப்போட்டாங்க. பொண்ணுக்கு அவிநாசில சம்பந்தம் பேசிட்டிருக்கோம். இது வழிவழியா வரும்னு மாப்பிள்ளை ஊட்ல பயந்துக்குவாங்கன்னு, ஊருக்கெல்லாம் கர்ப்பப்பைன்னு சொல்லிப்போட்டோம்."

டாக்டரிடம் மட்டுமாவது சொல்லியாக வேண்டும் என்றேன். அவருக்கு அது புரியவில்லை.

"சொல்லிக்குங்க கண்ணு. ஆனா தலைவலிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? அது மாரோட போச்சுங்களே."

இரண்டு வளையம்

நரம்பில் மருந்து ஏற்றி எடுத்த படத்தில், மூளைக்குள் இரண்டு வெள்ளை வளையங்கள் தெரிந்தன. சுற்றிலும் கறுப்பாக நீர் வீக்கம். எங்கள் டாக்டர் படிவத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், காசநோய்க் கட்டியாக இருக்கலாம் என்று சொல்ல ஆரம்பித்தார். அதில் தப்பில்லை. நம் ஊரில் இப்படி வளையம் தெரிந்தால் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். நான் துணி விழுந்த கதையைச் சொன்னேன். அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைக் கேட்டு வாங்கச் சொன்னார். அவையும் வந்தன. அவர்கள் கொண்டுவந்த மஞ்சள் பையின் அடியில்தான் இருந்தன. நான் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால், அந்த அம்மா மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை சாப்பிட்டிருப்பார்.

டாக்டர் சென்னியப்பனை உட்கார வைத்துச் சொன்னார். மார்பில் இருந்த கட்டியிலிருந்து சில செல்கள், ஆபரேசனுக்கு முன்பே பிரிந்து ரத்தத்தில் கலந்திருக்கும். ரத்தம் போகிற இடமெல்லாம் அவையும் போகும். பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடும். மூளைக்குள் கண்டதையும் விடாமல் தடுக்க ஒரு காவல் உண்டு. அதையும் தாண்டி ஒன்றிரண்டு உள்ளே போய், சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்து, பிறகு வளரும். இது தலையில் புதிதாக வந்த நோயில்லை. இடம் மாறிய மார்பு நோய்தான்.

சென்னியப்பன் கேட்டார்.

"பார்த்தீனியச் செடி மாதிரிங்களா சாமி? நாம செடியத்தான் புடுங்கியிருக்கோம். வெதை அதுக்கு முன்னாலயே காத்துல போயிருக்குது."

கல்யாணப் பத்திரிகை

வீக்கம் குறைய ஊசி, பிறகு தலைக்குக் கரண்டு வைத்தார்கள். நம் பக்கத்தில் கதிர்வீச்சுக்கு அதுதான் பேர். நோய் முழுசாகப் போகாது, கொஞ்ச காலம் நன்றாக இருப்பார் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். மறு ஸ்கேனுக்கு வந்தபோது ருக்மணியம்மாவின் தலையில் முடி இல்லை. முகம் ஊதியிருந்தது. ஆனால் தலைவலி இல்லை, நான் ஒரே ஆளாகத் தெரிந்தேன். பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்துக் குங்குமத்தோடு நீட்டினார்.

மொட்டைத் தலையை எந்தக் கோயில் வேண்டுதல் என்று சமாளித்தீர்கள் என்று கேட்டேன். சமாளிக்கவில்லையாம். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் அவிநாசிக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய், சம்பந்தியம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். "வேண்டாம்னா இப்பவே சொல்லிப்போடுங்க, எனக்கு நாள் கம்மி" என்றாராம். சம்பந்தியம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அழுதாராம். அதைச் சொல்லும்போது ருக்மணியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படம் ஆடிவிடும், சிரிக்காதீர்கள் என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

"அவியளோட அக்காளுக்கும் இதேதானுங்களாம். அவியளும் கர்ப்பப்பைன்னுதான் சொல்லி வச்சிருக்காங்க!"

தங்கச்சி

கல்யாணத்தை ருக்மணியம்மா முழுசாகப் பார்த்தார். மகள் மறுவீடு வந்துபோனதையும் பார்த்தார். அதற்கப்புறம் ஆறேழு மாதம். கடைசியில் பேச்சு குழறி, ஆள் அடையாளம் தப்பி, ஒரு மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுவாரம் சென்னியப்பன் சென்டருக்கு வந்தார். ஆறுதலுக்கென்று தனி முகம் எங்களுக்குப் பழக்கமில்லை. அவர் ஆறுதலுக்கு வரவில்லை. வெளியே பெஞ்சில் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். மார்பைப் பரிசோதிக்கிற டாக்டர் யார், எங்கே என்று சென்னியப்பன் கேட்டார். குரலைத் தாழ்த்திக் கேட்கவில்லை. வரவேற்பறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

"காரியத்துக்கு வந்தவிய என்ன சீக்குன்னு கேட்டாங்க, மார்ல புத்துநோய்னு ஒடச்சே சொல்லிப்போட்டனுங்க. பொறகால வந்து என்ற தங்கச்சி அழுவறாளுங்க, அவளுக்கும் மூணு மாசமா கட்டி இருக்குதாமா!"

பெரிய மனுசரைப் பேர் சொல்லிக் கூப்பிடாத மாதிரி, பெரிய நோயையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். எங்கள் பக்கத்து மரியாதை அப்படி; அன்றைக்கு அதைச் சென்னியப்பன் பார்க்கவில்லை.