பருப்பு வேகும் தண்ணீர்

எனக்கு எழுபத்து நாலு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப் போனது. ஐவரும் நன்றாக இருக்கிறார்கள் – வேறு வேறு ஊர்களில். ஓசூர் பக்கம் மத்திகிரியில், ஒரு கம்பெனியின் காம்பவுண்டு சுவரை ஒட்டிய வீட்டில், நானும் டிவியும் இருக்கிறோம்.

எங்கள் ஏரியா போர் தண்ணீர் எப்படி என்று ஓசூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு பருப்பாகவே இருக்கும். பாத்திரம் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் படியும்.

ஆனால், என் வீட்டுப் பின்பக்கக் கிணறு அப்படியில்லை. என் வீட்டுக்காரர் வெட்டியது. நடுவில் வறண்டு கிடந்தது. இரண்டு கோடைக்கு முன்னால் தானாக ஊற ஆரம்பித்தது. என் வெள்ளிக்கிழமை விளக்குதான் காரணம் என்று தெருவெல்லாம் சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது? எல்லோர் வீட்டிலும் வறண்டபோது என் வீட்டில் ஊறியதே!

பின் தெருவில் லைன் வீடுகள். அந்தக் கம்பெனி வேலைக்கு வந்த பெண் பிள்ளைகள் நாலைந்து பேராய்ச் சேர்ந்து இருப்பார்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் குடத்தோடு என் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

"அவ்வா, உங்க தண்ணியில பருப்பு பஞ்சாட்டம் வேகுது!" என்பாள் கலைவாணி. சாமல்பட்டிப் பெண், பெரிய வாய்.

தண்ணீர் இறைப்பார்கள், சூப்பர்வைசரைத் திட்டுவார்கள், சிரிப்பார்கள். எனக்கு ஒரு நாள் என்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை... கதவைத் தட்டினார் ஒருவர். கழுத்தில் ஹெட்போன், கையில் ஒரு கம்பி, தோளில் பெட்டி. பெயர் முபாரக், கிருஷ்ணகிரி.

"அம்மா, பக்கத்து கம்பெனியில பூமிக்குள்ள எங்கியோ குழாய் ஒழுகுதுங்க. நைட்டு டேங்க் ரொப்பினா காலையில எறங்கிடுது. இன்னிக்கு லீவு, மிஷின் ஓடல. அதான் சத்தம் கேட்டுப் பாக்கறோம். சத்தம் உங்க சுவரோரமா வருது. பின்பக்கம் கொஞ்சம் விடறீங்களா?"

"தண்ணி ஒழுகற சத்தம் மண்ணுக்கு மேல கேக்குமா தம்பி?"

"கேக்கும்மா. ஆனா டிவியை நிறுத்தணும். யாரு பாக்கறாங்க?"

"யாரும் பாக்கல. சும்மா சத்தத்துக்கு."

நிறுத்தினேன். அவர் ஒரு மைக்கைத் தரையில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். நகர்ந்தார். மறுபடி கேட்டார். பிறகு சந்தோஷமாகத் திரும்பினார்.

"இந்த ஏரியாவுலயே உங்க வீடுதாம்மா வேலைக்குத் தோது. எல்லா வீட்லயும் யாராவது பேசிட்டே இருக்காங்க. இங்க ஒரு சத்தமும் இல்ல!"

பாராட்டித்தான் சொன்னார், பாவம். நான் காபி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வந்தால், கிணற்றடியில் நிற்கிறார். ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரில் பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டுப் பார்த்தார். என் போர் குழாயில் பிடித்த தண்ணீரிலும் விட்டுப் பார்த்தார். மறுபடி கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி?"

"போர் தண்ணி உப்பு காட்டுது. கெணத்துல உப்பே இல்லீங்க. இது அவங்க சுத்தம் பண்ணி விடற தண்ணிம்மா."

"எங்க வீட்டுக்காரர் வெட்டின கெணறு இது!"

"கெணறு உங்களுதுதாம்மா..." என்று இழுத்தார். மீதியைச் சொல்லாத அளவுக்கு நல்ல மனுஷர்.

சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க கான்கிரீட். என் பக்கம் இன்னும் கொஞ்சம் கேட்டால்தான் ஒழுகும் இடம் சரியாகத் தெரியும், இல்லாவிட்டால் நீளத்துக்கும் உடைக்க வேண்டும் என்றார். என் இடம். 'போப்பா' என்று சொன்னால் போய்விடுவார். கிணறு ஊறிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளும் குடத்தோடு வந்துகொண்டே இருப்பார்கள்.

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால், அடுத்தவன் தண்ணீரை என் கிணறு என்று சொல்லி ஊற்ற என்னால் முடியாது. தெரியாதவரை சரி. தெரிந்தபிறகு?

"நல்லா கேளு தம்பி" என்றேன்.

கேட்டார். சுவரோரத்தில் ஓர் இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். என் காதிலும் ஹெட்போனை மாட்டிவிட்டார். 'ஷ்ஷ்ஷ்...' என்று, அடுத்த வீட்டில் யாரோ அரிசி களைகிற மாதிரி இருந்தது. கழற்ற மனமே வரவில்லை.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் உடைத்துச் சரிசெய்தார்கள். கிணறு இறங்கிக்கொண்டே போனது. வாளி சேற்றில் முட்டிய அன்று, பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னேன்.

"அது கம்பெனித் தண்ணிடி. என் விளக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கலைவாணி இடுப்பில் காலிக் குடத்தோடு விழுந்து விழுந்து சிரித்தாள். "அங்க நாங்க பாத்ரூம் போக பர்மிஷன் கேக்கணும் அவ்வா. தண்ணி பாருங்க, கேக்காமயே செவுரு தாண்டி வந்திருக்குது!"

எல்லோரும் சிரித்தோம். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். தப்புச் சொல்ல மாட்டேன். நாளெல்லாம் நின்றே வேலை செய்கிற கால்கள், காரணம் இல்லாமல் ஒரு கிழவி வீட்டுக்கு ஏன் நடக்க வேண்டும்?

குழாய் ஒழுகினால் சத்தம் வரும். மெஷின் வைத்துக் கண்டுபிடிக்கலாம். வீட்டிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராய்க் குறைவதற்கு ஒரு சத்தமும் வருவதில்லை.

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் வராது. வாராவாரம் இந்தப் பத்திரிகைக்கு நான் போனில் சொல்லச் சொல்ல, பெங்களூரில் இருக்கும் பேத்திதான் எழுதுகிறாள்.

"முடிஞ்சுதா அவ்வா? அனுப்பிடவா?" என்கிறாள்.

"இரு கண்ணு. மொதல்ல இருந்து ஒரு தடவை வாசிச்சுக் காட்டு... மெதுவா வாசி. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."