கரியப்பனின் கணவாய்

கரியப்பன் கௌதள்ளி கிராமத்தை விட்டு மைசூருக்கு வந்தபோது வயது இருபத்தாறு. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் கிரானைட் பட்டறையில் பாலிஷ் மெஷினைப் பிடித்து நின்றார். கல்லைக் கண்ணாடியாக்குகிற வேலை. மதியச் சோற்றில்கூடத் தூசி நறநறக்கும்.

கூட வேலை பார்த்த பசவராஜ் ஒரு வருஷம் இமாச்சலத்தில் ஒரு கணவாயை நடந்தே தாண்டிவிட்டு வந்தான். போனில் படம் காட்டினான். கணவாய்க்கு இந்தப் பக்கம் முழுக்கப் பச்சை, அந்தப் பக்கம் புல்கூட இல்லாத மண்மலை. ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்க்கலாமாம்.

"செப்டம்பர்ல மறுபடி போறேன். பர்த்தீயா, வரியா கரியப்பா?"

"வரேன்டா," என்றார். தனக்கென்று அவர் எதற்கும் ஆசைப்பட்டு அவர் மனைவி ஜோதிமணி பார்த்ததில்லை.

ஒரு நோட்டில் திட்டம் போட்டார். ஆறு நாள். தினம் பன்னிரண்டு கிலோமீட்டர். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே கூடாரம் போடலாம், எல்லாம் பசவராஜிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். கூடாரம், அடுப்பு, சாப்பாடு சேர்த்து ஆளுக்குப் பதினோரு கிலோ.

விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு சாமுண்டி பெட்டா மலையின் படிகளை ஏறிப் பழகினார். முதல் வாரம் எழுநூறாவது படியிலிருக்கும் நந்தி சிலை வரை போனார். அடுத்த மாதம் இருநூறாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த ஒரு பெண் அவரைத் தாண்டி மேலே போனாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "நுரையீரல் முழுக்கக் கல்தூசி. போனது திரும்பாதுங்க. இதுக்கு மேல நோய் முத்தாமப் பார்த்துக்கலாம்."

பட்டறை வேலை அதோடு நின்றது. திட்டம் நிற்கவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டரை ஆறாக்கினார். பயணம் பன்னிரண்டு நாளாக நீண்டது. பன்னிரண்டு நாள் சாப்பாட்டோடு பை பதினாறு கிலோ ஆயிற்று. அந்தப் பாரத்தோடு ஆறு முடியாது, மூன்றுதான் முடியும். அப்படியானால் இருபத்துநான்கு நாள். அதற்கான சாப்பாட்டை அவரால் தூக்கவே முடியாது. கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை வைத்தார்.

"சாமானத்தைக் குதிரைமேல ஏத்திக்கலாமில்லீங்க?" என்றாள் ஜோதிமணி.

"குதிரை சாமானத்தைத் தூக்கும் புள்ள. மூச்சை யாரு விடறது?"



பசவராஜுக்குக் கிடைத்ததே பத்து நாள் லீவு. வேறு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டான். கிளம்புகிற அன்று பையோடு வீட்டுக்கு வந்தான். கரியப்பன் அவன் பையின் வார்களை இழுத்துச் சரிசெய்தார்.

"மூணாம் நாள் ஓடை வருமில்ல... அதை..." இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மத்தியானத்துக்கு முன்னாடியே தாண்டிரணுமாம்," என்று ஜோதிமணி முடித்தாள். "வெயில் ஏறினா பனி உருகித் தண்ணி கூடிருமாம்."

பசவராஜ் தலையாட்டிவிட்டுப் போனான்.

"நீ எப்ப என் நோட்டைப் படிச்சே?" என்றார் கரியப்பன், இருமல் அடங்கியதும்.

"படிக்கலீங்க. தினமும் நீங்க சொன்னதுதானே."

அவர் வாசலிலேயே உட்கார்ந்தார். உள்ளே போக இன்னும் கொஞ்சம் மூச்சு வேண்டியிருந்தது. அவள் பக்கத்தில் நின்று காத்திருந்தாள்.