சீட்டில் விழாத வயல்

வாழப்பாடி தீர்த்தகிரிக்கும் எங்களுக்கும் ஓர் உறவும் கிடையாது. ஆனாலும் பங்காளி, மாமன், மச்சான் என்று நான் ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு வரும்போது நடுவில் அவர் பேரும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குக் காரணம் என் நங்கை பெரியநாயகி. என் வீட்டுக்காரருக்கு அக்கா. ஜேடர்பாளையத்திலிருந்து வரும் வாய்க்காலின் கடைசியில், எல்லோரும் பாய்ச்சி மிச்சம் விட்ட தண்ணீரில், ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொண்டு, புருசன் இல்லாமல் இரண்டு பெண்களை வளர்த்தவர்.

அது உலகச் சண்டைக் காலம். வெள்ளைக்காரச் சர்க்காருக்கு நெல் அளக்க வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு விளைந்திருக்கும் என்று ஊருக்கு ஒரு கணக்குப் போட்டு, அதன்படி கேட்பார்கள். முந்தின வருசம் அந்தக் கணக்கெடுக்க வந்தவருக்கு எங்கள் மணியக்காரர் நாச்சிமுத்து விருந்து வைத்து, வாய்க்கால் தலைமாட்டிலிருக்கும் தன் வயலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஊருக்கு வந்தவருக்கு மட்டமானதைக் காட்டுவார்களா? அறுத்துப் பார்த்தால் அப்படி ஒரு விளைச்சல். ஊர் முழுக்க அப்படித்தான் என்று முடிவாகிவிட்டது. கடைமடைக்காரர்கள் சாப்பாட்டு நெல்லையும் அளந்தார்கள். நங்கை விதைநெல்லையும் சேர்த்து அளந்தார். மறு நடவுக்கு விதை வாங்க அவர் காதுத் தோடு போயிற்று. இந்த வருசமும் அதே கணக்கென்றால் விற்பதற்கு நிலம் ஒன்றுதான் பாக்கி.

அந்த அறுப்புக்குத்தான் விவசாய இலாகா மேஸ்திரியாகத் தீர்த்தகிரி சைக்கிளில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். முழங்கை வரை சட்டையைச் சுருட்டி விட்டிருப்பார். அவர் அப்பா வாழப்பாடிச் சந்தையில் நிலக்கடலைத் தரகு பார்த்தவராம். மூட்டையின் வாயில் நல்ல கடலையாக அடுக்கி வைத்திருப்பார்கள் என்று, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு அள்ளிப் பார்ப்பாராம். "சட்டையைச் சுருட்டற பழக்கம் அவரு குடுத்ததும்மா" என்று தீர்த்தகிரி சிரிப்பார்.

வந்ததும் மணியக்காரர் கூப்பிட்டார். "வாங்க மேஸ்திரி, சாப்புட்டுப்போட்டு நம்ம வயலுக்குப் போலாமுங்க."

நங்கை குறுக்கே போய் நின்றார். "எம்பட வயலுக்கு வாங்க சாமி. உப்புப் பூத்துக் கெடக்குது. வந்து உங்க கண்ணால பாருங்க."

"அவர் காட்டற வயலும் வேணாம், நீங்க காட்டற வயலும் வேணாம்" என்றார் தீர்த்தகிரி. "சாப்பாடு மட்டும் போடுங்க."

மாரியம்மன் கோயில் முன்னால் ஒரு பானை வைத்தார். ஊரின் நெல்வயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு. எல்லாவற்றையும் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் நாலு சீட்டு எடுக்கச் சொன்னார்.

"அம்மங்கிட்டப் பூக் கட்டிப் போட்டுக் கேக்கற மாதிரி இருக்குது" என்றார் நங்கை.

"அதேதாம்மா. நம்ம ஆசை அதுல கை வெக்கக் கூடாது."

சீட்டு எடுக்க மணியக்காரர் சம்சாரம் அங்கம்மாளைக் கூப்பிட்டார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தம்மாள் எடுத்த முதல் சீட்டே அவர்கள் வீட்டு வயல். "அய்யோ, நம்முளுதேதானுங்க!" என்று சீட்டைத் திரும்பப் பானைக்குள் போடப் போனார். தீர்த்தகிரி விடவில்லை. விழுந்தது விழுந்ததுதான். அடுத்தது நடுமடையில் சின்னராஜ் வயல். மற்ற இரண்டும் கடைமடைப் பக்கம். நங்கையின் வயல் வரவேயில்லை.

நங்கைக்கு முகமே செத்துப்போயிற்று. "அவிய வயலு வந்துருச்சு, எம்பட வயலு வருல. என்ற நெலத்தப் பாக்காமயே என்ற நெல்லுக்குக் கணக்கா? இதென்ன நாயமுங்க?"

தீர்த்தகிரி பானையை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "வீட்டுல மொச்சை இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

வெள்ளை மொச்சையும் கறுப்பு மொச்சையும் இருந்தன. "நீங்களே ஒரு கூடையில கலந்து கொண்டாங்க. எது எவ்வளவுன்னு எனக்குச் சொல்லாதீங்க" என்றார். நங்கை உள்ளே போய் நன்றாகக் கிளறிக் கொண்டுவந்தார். நான், அங்கம்மாள், இன்னும் இரண்டு பெண்கள், பார்க்காமல் ஆளுக்கொரு பிடி அள்ளினோம். என் பிடியில் கறுப்பு ஒன்றிரண்டுதான். அங்கம்மாள் பிடியில் பாதிக்குப் பாதி. நங்கை கைகொட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா சாமி, ஆளுக்கொரு பேச்சுப் பேசுது!"

"தனித்தனியாக் கேட்டா அப்படித்தாம்மா பேசும். சேர்த்துக் கேளுங்க." நாலு பிடியையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினார். "மூணு பங்கு வெள்ளை, ஒரு பங்கு கறுப்பு. கிட்டத்தட்ட. சரியா?"

நங்கை வாயில் கை வைத்துக்கொண்டார். மூன்று வள்ளம் வெள்ளையும் ஒரு வள்ளம் கறுப்பும்தான் போட்டிருந்தார்.

"கூடையில கெடக்கற மொச்சை எத்தனையோ. அதெல்லாம் உங்க கைக்கு வரவேயில்ல. ஆனா அதுக்கும் சேர்த்து இந்த நாலு பிடி பேசிடுச்சு. உங்க வயல் கூடையில இருக்குதும்மா. கொஞ்சம் முன்னப் பின்ன ஆகலாம், இல்லேங்கல. ஒரே பக்கமாச் சாயாது."

நங்கை அரைமனதாகத்தான் தலையாட்டினார்.

மறுநாள் அறுப்பு. வயலுக்குள் எந்த இடம் என்பதற்கும் சீட்டுத்தான். அதில் எழுதியிருந்த தூரத்துக்கு நடந்து, அங்கே சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து அடித்து அளப்பார்கள். மணியக்காரர் வயலில் கதிர் தலைசாய்ந்து நிற்கும் இடமாகவே கயிறு விழுந்தது. நங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னராஜ் வயலில் எருமை புரண்டு பாதி சொட்டையான இடத்தில் விழுந்தது. சின்னராஜ் பதறிப்போனார்.

"ஏனுங்க மேஸ்திரி, ரெண்டடி தள்ளிக் கட்டுங்க. பாக்கறவிய என்ன நெனப்பாங்க?"

"தள்ளினா நெல்லு அதிகமா அளக்கணுமே, பரவாயில்லையா?"

"அது கெடக்குது போங்க. மானம் போகுதல்லோ!"

வரப்பில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம், மணியக்காரர் உட்பட. சிரித்து முடித்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "போன வருசம் நானுங்கூட இதைத்தான் பண்ணிப்போட்டேன், பெரியநாயகி." அன்று மத்தியானம் நங்கை அவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிட்டார்.

கடைமடை வயல் இரண்டிலும் மணியைவிடப் பதர்தான் அதிகம். நாலையும் கூட்டிச் சராசரி பார்த்தபோது கணக்கு நன்றாக இறங்கிவிட்டது. அந்த வருசம் சர்க்கார் வண்டி வந்து அளந்துகொண்டு போன பின்னும், நங்கை வீட்டு மொடாவில் விதைநெல் அப்படியே இருந்தது. சாப்பாட்டு நெல்லும் ஒட்டி வந்தது. நிலம் நிலைத்தது.

பிறகும் சில அறுப்புகளுக்குத் தீர்த்தகிரி வந்தார். ஒருமுறை சம்சாரம் செல்லாயியையும் கூட்டிவந்தார். ஒரு வருசம் விளைச்சல் கூடுதலாகவே வந்து எங்கள் கணக்கு ஏறியது. ஒருவரும் மூச்சுவிடவில்லை, நங்கை உட்பட. தீர்த்தகிரியை வேறு ஜில்லாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம்.

முதல் வருசம் அவர் கிளம்பும்போது, நங்கை அந்த மொச்சைக் கூடையை அப்படியே கொண்டுவந்து வைத்தார். "வேணாம்மா, வாங்கக் கூடாது" என்று அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"கூடை பூராவும் குடுக்கலீங்க. ஒரு பிடி. கண்ண மூடிக்கிட்டு எடுங்க."

அதற்கு அவரால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சட்டைச் சுருட்டல் வரைக்கும் கையை விட்டு, கூடையின் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். துண்டு முனையில் முடிந்துகொண்டு சைக்கிள் ஏறினார். வண்டி வாய்க்கால் மேட்டில் ஏறி மறையும் வரைக்கும் நங்கை வாசலிலேயே நின்றிருந்தார். "மவராசனா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டு, விதைநெல்லைக் காயவைக்க எடுத்து வர உள்ளே போனார்.