சிவப்புத் துணி கட்டிய கொம்பு

எங்கள் பேய்ப் படத்தின் நாயகன், காட்டில் தனியாகப் பிழைத்துக் காட்டும் டிவி நிகழ்ச்சியை நடத்துபவன். நிஜக் காட்டுக்குப் போக வசதியில்லாமல், எண்ணூர் முகத்துவாரத்துச் சதுப்புப் புதர்களையே காடாக்கினோம். அனுமதி வாங்கவில்லை. அதனால் உதவி இயக்குநரான எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்.

காலையிலிருந்தே ஒரு மீனவர் எங்களைச் சுற்றிவந்தார். போனில் ஏதோ பேசினார். சிவப்புத் துணி கட்டிய கொம்பு ஒன்றைச் சேற்றில் நட்டார்.

"அந்தாண்ட போனா பேஜாராயிடும் நைனா" என்றார்.

மிரட்டுகிறார் என்றே எடுத்துக்கொண்டேன். அவர் நகர்ந்ததும், ஃபிரேமைக் கெடுத்த கொம்பைப் பிடுங்கி எறிந்தேன். துணி அழகாக இருந்ததால் நாயகன் தலையில் கட்டிவிட்டேன்.

"சேற்றில் சிக்கினால் பதறக் கூடாது" என்று கேமராவுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தவன், இடுப்புவரை புதைந்து அலறினான். நடிப்பு பிரமாதமென்று இயக்குநர் கட் சொல்லவில்லை. அந்த மீனவர்தான் ஓடிவந்து, படகுப் பலகையைப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து அவனை இழுத்தார்.

"கொம்பு நட்டுட்டுதான போனேன். இன்னா ஆச்சு?"

"காத்துல சாஞ்சிருக்கும்ணா" என்றேன்.

அவர் நாயகனின் தலையைப் பார்த்தார். துணியை அவிழ்த்து, அலசி, வேறு கொம்பில் இரண்டு முடிச்சுப் போட்டு நட்டார்.

"டைட்டா கட்டிக்கிறேன். காத்து ஜாஸ்தியா கீதுல்ல" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

படம் பார்த்தவர்கள் அந்த அலறலைத்தான் பாராட்டுகிறார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கேட்பது, "காத்துல சாஞ்சிருக்கும்ணா" என்ற என் குரல்.