பழனியாண்டி சேரின் ‘ஓம், ஆனா’

கிளிநொச்சி நகரில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் நானும் பழனியாண்டியும் படிப்பிக்கிறோம். எனக்குப் புவியியல், அவருக்கு உயர்தர வகுப்பு அளவையியல், அதாவது தர்க்கம். நடுவில் ஒரு தகரத் தடுப்புத்தான் என்பதால் அவர் வகுப்பு முழுவதும் எனக்குக் கேட்கும். பாடத்திட்டத்தில் ஒரு கூற்று உண்மை, இல்லாவிட்டால் பொய். அதை முடித்த கையோடு, சோதனையில் வராது என்று தெரிந்தும், அந்தக் கட்டுக்குள் அடங்காத மற்ற அளவையியல்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். அந்த நேரத்தில் மட்டும்தான் மனிதரின் முகத்தில் ஒரு சந்தோசம் தெரியும்.

அவற்றின் பெரிய பெயர்கள் பிள்ளைகளுக்கு வாயில் நுழையவில்லை. தாங்களே பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையுமில்லை பொய்யுமில்லை என்று மூன்றாவதாக ஒரு நிலையை வைத்திருப்பது ‘தொங்கல்’. நெட்டை, கட்டை என்பதுபோல, உண்மையே கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக் குறைவது ‘கிட்டமுட்ட’. சான்றைக் காணும்வரை ஆம் என்றோ இல்லை என்றோ வாய் திறக்காதது ‘கொண்டந்து காட்டு’. ஒன்றுக்கொன்று முரணான இரண்டையும் ஏற்றுக்கொண்டு, அதனால் தலை குழம்பாமல் போவது ‘ஓம், ஆனா’. பழனியாண்டி கோபிக்கவில்லை. கரும்பலகையில் அந்தப் பெயர்களையே எழுதிப் படிப்பித்தார்.

“‘ஓம், ஆனா’வுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்கோ சேர்,” என்று ஒருநாள் ஒரு பிள்ளை கேட்டாள்.

“நான்தான்,” என்றார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மலையகத்தில் இனக்கலவரத்தில் வீட்டுக்குத் தீ வைத்தபோது, சிறுபிள்ளையாக இருந்த அவரைத் தூக்கிக்கொண்டு தாயும் தகப்பனும் கிளிநொச்சிக்குப் பக்கத்திலுள்ள உருத்திரபுரத்துக்கு வந்தார்கள். மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றார்கள். வயல்காரர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள்தான். ஆனால் காணியும் வாய்க்கால் தண்ணீரும் கிடைத்தவர்களை வந்தவர்கள் என்று யார் சொல்வது? பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அவர் மலையகப் பேச்சில் “சரிங்க” என்று சொன்னதற்கு வகுப்பு விழுந்து விழுந்து சிரித்ததாம். அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஊர்க்காரரைப் போல ‘ஓம்’ சொல்லப் பழகிக்கொண்டார். இன்றைக்கும் “பழனியாண்டி உங்கட ஊர் ஆளோ?” என்று யாராவது விசாரித்தால், “ஓம்,” என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, “ஆனா...” என்று இழுப்பார்கள். அதற்குப் பிறகு வரும் சொல்லை அவருக்கு முன்னால் மட்டும் சொல்லமாட்டார்கள், அவ்வளவு நல்ல மனிதர்கள். பேசி வந்த இரண்டு கலியாணங்களும் அந்த ‘ஆனா’வில்தான் நின்றன. தாயும் போன பிறகு தானே சமைத்து, தானே சாப்பிட்டு, தனியாக இருக்கிறார்.

முழுக்கத் தனியாக என்று சொல்ல முடியாது. பக்கத்து வளவில், வயல் செய்கிற சின்னராசாவின் குடும்பம் இருந்தது. இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலியில் ஒரு பொட்டு, ஆள் குனிந்து நுழைகிற இடைவெளி. சின்னராசாவின் மனைவி இரஞ்சிதம் அந்தப் பொட்டால்தான் கறி கொண்டு வருவா. இவரும் அந்தப் பொட்டால் போய்த்தான் அவர்களின் மகன் நிருஷனுக்கும் மகள் கௌசலாவுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தெருப்பக்கத்துப் படலையைத் திறந்து வருகிறவர்கள் பிறத்தியார்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் நிருஷனுக்குக் கலியாணம் சரிவந்தது. மண்டபத்துக்கு ஊரையே அழைக்கலாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்குகிற நாளில் நெருங்கிய உரித்துக்காரர்தான் கூடுவார்கள். அந்தப் பொன்னுருக்குக்குத் தன்னைக் கூப்பிடுவார்களா என்பதுதான் பழனியாண்டியின் ஏக்கம். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் வேட்டியைத் தோய்த்து மினுக்கி வைத்திருந்தார். இரஞ்சிதம் வந்தா, கறி தந்தா, பந்தல்காரனைத் திட்டினா. வரச் சொல்லி மட்டும் ஒரு சொல் இல்லை.

“பக்கத்து வீட்டுக்கும் சொல்லுறதே? சும்மா போங்கோவன்,” என்றேன் நான்.

“சொல்லாததுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். சொல்லத் தேவையில்லாத ஆள், இல்லாட்டிச் சொல்லக்கூடாத ஆள். எது எண்டதுக்கு என்னட்டச் சான்று இல்லை.”

“உந்தக் ‘கொண்டந்து காட்டை’ வகுப்போட வச்சிருங்கோ,” என்று எரிந்து விழுந்தேன்.

பொன்னுருக்குக்கு முதல்நாள் பின்னேரம் அவர் வீடு திரும்பியபோது, அவருடைய வேலியில் நின்ற முள்முருக்கில் நல்லதொரு கிளையைக் காணவில்லை. வெட்டுவாய் ஈரமாக இருந்தது. பொன் உருக்கியதும் முற்றத்தில் கன்னிக்கால் நடுவதற்கு முள்முருக்கந்தடி வேண்டும். கேட்காமலே வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். “தடி தேவைப்பட்டிருக்கு, ஆள் தேவைப்படேல்ல,” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் வகுப்பு இல்லை. மறந்துவிட்டுப் போன குடையை எடுக்கப் போனேன். பிள்ளைகள் இல்லாத வகுப்பில், வெறும் வாங்குகளுக்கு நடுவில் பழனியாண்டி உட்கார்ந்திருந்தார், மினுக்கிய வேட்டியோடு. எழும்பிப் போங்கோ என்று கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

பின்னேரம் இரஞ்சிதம் பொட்டால் சாப்பாட்டோடு வந்தாவாம்.

“எங்க தம்பி போனனீங்கள்? அவர் ரெண்டு தரம் வந்து பாத்தவர், வீடு பூட்டு. உங்களுக்காகப் பந்தியைக் கூடப் பிந்தி வச்சம்.”

“எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல அக்கா.”

“உங்களுக்குச் சொல்லுறதோ? தடி கூட உங்கட வேலியிலதானே வெட்டினது. பிறத்தியார் வேலியெண்டால் கேட்டெல்லோ வெட்டுவம்.”

கேட்ட சான்று கைக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுதிருக்க வேண்டும். ஆனால் காலமெல்லாம் சேர்ந்த கசப்பு முந்திக்கொண்டது. “இனியெண்டாலும் கேட்டுச் செய்யுங்கோ,” என்றாராம். இரஞ்சிதம் தட்டைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய்விட்டா. இவர் கலியாணத்துக்குப் போய் ஒரு ஓரமாக இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கறி வரவில்லை. பொட்டை யாரும் அடைக்கவில்லை, அதில் புல்தான் மண்டிப்போனது.

போன மாதம் கௌசலாவின் கலியாணம். அதற்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னராசாவும் இரஞ்சிதமும் நல்ல உடுப்பு உடுத்து, தெருவால் சுற்றி வந்து, படலையைத் திறந்தார்களாம். செருப்பை வாசலில் கழற்றினார்களாம். தட்டில் வைத்து அழைப்பிதழை நீட்டினார்களாம். ‘திரு. பழனியாண்டி, ஆசிரியர்’ என்று முத்து முத்தான எழுத்தில் பெயர் எழுதியிருந்தது.

“கௌசலாவுக்குக் கலியாணம் சேர். கட்டாயம் வரவேணும்,” என்றாவாம் இரஞ்சிதம்.

தேத்தண்ணி போடப் போனவரைச் சின்னராசா மறித்து, இன்னும் நிறைய வீட்டுக்குச் சொல்ல இருக்கிறது என்றாராம்.

இடைவேளையில் இதை எனக்குச் சொல்லும்போது பழனியாண்டி என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இனித் தொங்கல் இல்லை,” என்றார். “கேட்டன், முறைப்படி கொண்டந்து காட்டிப்போட்டினம்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“அவா தட்டை நீட்டிக்கொண்டு நிக்கிறா. ஓம் எண்டு சொல்லத்தான் வாயைத் திறந்தனான்,” என்றார். “‘சரிங்க’ எண்டு வந்திட்டுது.”