மழை நாளில் மாப்பிள்ளை வீடு

விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கும்போது விடிந்தும் விடியாத நேரம். நல்ல மழை. எங்கள் பக்கத்தில் மழையைக் கண்டால் குடையைத் தேட மாட்டார்கள்; கம்பெனி உண்டா, இல்லையா என்றுதான் முதலில் கேட்பார்கள். பன்னிரண்டு ரூபாய் டீயை நீட்டிய கடைக்காரரும் அதைத்தான் பேசினார். சிவகாசிப் பக்கம் ராத்திரியிலிருந்தே ஊற்றுகிறதாம், பட்டாசுக் கம்பெனி ஒன்றும் ஓடாதாம். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

காரணம் என் பிழைப்பு. இளவயதுக்காரர்களின் வேலை எவ்வளவு உறுதியானது என்று அளந்து வரச் சொல்லி, சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனம் என்னை அனுப்பியிருந்தது. வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பகலில் பிடிக்க முடியாது. மழை பெய்தால் அத்தனை பேரும் வீட்டில்.

ஆமத்தூர் வழியாகச் சிவகாசி பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருத்தங்கல் வந்ததும் கழுத்து தானாகத் திரும்பியது. நான் பிறந்து வளர்ந்த ஊர். அப்பா அச்சாபீஸில் இருந்தார். வண்ணம் விலகி, இரண்டு மூக்கோடு வந்த முருகன் படங்களெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். என் பள்ளிப் புத்தகங்களுக்கு அவைதான் அட்டை. அம்மா பட்டாசுக் கம்பெனி. வெயில் இல்லாவிட்டால் மருந்து காயாது, வேலையும் இல்லை. ஆகவே மழை என்றால் அம்மா வீட்டில் இருக்கும் நாள். பள்ளிவிட்டு நனைந்து ஓடி வந்தால் தெருமுனையிலேயே பணியார வாசம் வரும். அந்த வாசத்துக்காகவே மழை வேண்டி மாரியம்மனுக்கு மனு போட்டவள் நான். அடடா, அது ஒரு காலம்!

சிவகாசியிலிருந்து நாரணாபுரத்துக்கு ஆட்டோ, நூறு ரூபாய். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் ஓட்டுநர் சிரித்தார். எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும், பாதி வீட்டில் சம்பந்தப் பேச்சும் இருக்கும் என்றார். சீசன் நேரத்தில் இரு வீட்டாருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைப்பது மழைக்குத்தான். அதனால் பெண் பார்ப்பது, மாப்பிள்ளை வீடு பார்ப்பது எல்லாம் மழை நாளில். எனக்கு இது மறந்தே போயிருந்தது. என் அத்தை கல்யாணமும் அப்படி முடிவானதுதான்.

நான் நுழைந்த முதல் வீடே அப்படிப்பட்ட வீடு. காளிராஜுக்கு இருபத்தைந்து வயது, பட்டாசுக்குத் திரி வைக்கிறவன். சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். அச்சங்குளத்திலிருந்து பெண் வீட்டார் வரும் வழியில் இருந்தார்கள். அதுவரை சும்மாதானே இருக்கிறேன் என்று கேள்விகளுக்கு ஒத்துக்கொண்டான். வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? இல்லை. ஒரே கம்பெனியா? வாசலுக்கு எந்த வேன் வருகிறதோ அந்தக் கம்பெனி. அடுத்த மாதமும் இந்த வேலை இருக்குமா? அவன் யோசிக்கும்போதே வாசலில் வேன் சத்தம். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

நான் எழுந்தேன். காளிராஜின் அம்மா முத்துலட்சுமி என் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஏற்கெனவே ஒரு சம்பந்தம், வேலை நிரந்தரமில்லை என்பதற்காகவே தட்டிப்போனதாம்.

“பேச்சு அங்கன வந்துச்சுன்னா, நிரந்தரம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க தாயி. மெட்ராஸ்லருந்து வந்தவுக சொன்னா நம்புவாக.”

காராச்சேவுத் தட்டை வாங்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

பெண்ணின் அப்பா ஒடிசலான மனிதர். அவருக்கும் பட்டாசு வேலைதான். சேவை மென்று முடித்து, நிதானமாகக் கேட்டார்.

“மழைக்கு என்ன செய்வீக தம்பி?”

எங்கள் பக்கத்தில் வேலையை அளப்பது இந்த ஒரே கேள்வியால். என் நாற்பது கேள்விகளும் இதற்குள் அடக்கம்.

“திருத்தங்கல்ல பைண்டிங் இருந்தா போவேன். இல்லேன்னா வீடுதான்,” என்றான் காளிராஜ். முத்துலட்சுமியின் முகம் செத்துப்போயிற்று.

பெண்ணின் அப்பா, கூடத்தில் கிடந்த என் கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீங்க வேலையப் பத்தித்தான கேட்டு எழுதுறீக. தம்பிக்கு நிரந்தரமாம்மா?”

அடுக்களை வாசலில் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொய் வரவில்லை. இல்லை என்றேன். அதோடு நிறுத்த மனசில்லாமல், எனக்கும் நிரந்தரம் இல்லை, இந்தக் கணக்கெடுப்பு முடிந்தால் என் வேலையும் முடிந்தது என்றேன்.

“அம்புட்டுப் படிச்ச உங்களுக்குமா?” என்று பெண்ணின் அப்பா வாயைப் பிளந்தார். அப்புறம் தன் மனைவியைப் பார்த்தார். அவர் லேசாகத் தலையசைத்தார்.

“எம் மகளும் கம்பெனிக்குத்தான் போறா. மழைக்கு அவளும் வீட்லதான் இருப்பா,” என்றார். “ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கட்டும்.”

முத்துலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். காபி வந்தபோது எனக்குத்தான் முதல் தம்ளர். கிளம்பும்போது காளிராஜிடம், அடுத்த மாதமும் வேலை இருக்குமா என்று விட்டுப்போன கேள்வியைக் கேட்டேன்.

“தெரியாதுன்னே போடுங்கக்கா,” என்றான். “கல்யாணம் மட்டும் இருக்கு.”

சாயங்காலம் விருதுநகர் பஸ்ஸில் மறுபடியும் திருத்தங்கல். மழை விட்டு, தெருவில் அச்சு மை வாசம். அப்பா காலமாகிப் பல வருடமாகிவிட்டது. அம்மா என்னோடு சென்னையில். அங்கே மழை பெய்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்வார்கள். மழை நாளுக்கென்று ஒரு வாசமும் கிடையாது. ஏக்கம் தாங்காமல் அம்மாவுக்குப் போன் போட்டு, ஊரில் காலையிலிருந்து மழை என்றேன்.

“மழையா? ஐயோ பாவம், இன்னைக்குக் கூலி போச்சே,” என்றார் முதல் வார்த்தையாக.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காலத்து மழை நாட்களில் உனக்கும் இந்தக் கவலை இருந்ததா என்று கேட்டேன்.

“இல்லாம? அதான்டி பணியாரம் சுட உக்காந்துருவேன். கை சும்மா இருந்தா மனசு கெடந்து அடிச்சுக்கிடும்.”